திருத்துவதா, மாற்றுவதா? ஒரு கியர் பொக்ஸும் அறுபது வருடமும்

2025 பெப்ரவரியில் ஒரு நாள் அதிகாலை இரண்டு மணிக்கு வாப்பா கட்டுநாயக்கவுக்கு ஹயர் போனார். குவைத்துக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண்ணும், அவரைக் கொண்டுவிட வந்த இரண்டு பேரும் காரில் இருந்தார்கள். சிலாபம் தாண்டியதும் கார் இழுக்கவில்லை. எஞ்சின் மட்டும் கத்துகிறது, வேகம் ஏறவில்லை. ஓரமாக நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி 'டீ'யில் போட்டால் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நிற்கிறது. கடைசியில் வேறு வேன் ஒன்றைப் பிடித்து அந்தப் பெண்ணை ஏற்றிவிட்டார்கள். அவருக்கு ஃபிளைட் கிடைத்துவிட்டது. எங்கள் கார் லொறியில் ஏறி பாலாவிக்கு வந்தது.

பாலாவி சந்திக்குப் பக்கத்துக் கராஜ் பாஸ் ஒயிலை இறக்கிப் பார்த்தார். கறுப்பு. அடித்தட்டில் இருக்கிற காந்தத்தில் வெள்ளி மை பூசின மாதிரி உலோகத் தூள். "ஒயில் மாத்தினா போற வருத்தம் இல்ல இது" என்றார். பிறகு மூன்று வழி சொன்னார். ஒன்று, கியர் பொக்ஸைத் திறந்து பழுதான பாகங்களை மட்டும் மாற்றுவது. இரண்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றிய பாவித்த கியர் பொக்ஸை வாங்கி முழுதாக மாற்றுவது. மூன்று, இருக்கிற நிலையிலேயே விற்றுவிட்டு வேறு கார் பார்ப்பது.

வீட்டில் ஒரு கிழமை இதுதான் பேச்சு. எயார்போட் ஹயர்தான் எங்கள் வருமானம். கார் நின்றால் அடுப்பும் யோசிக்கும். நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன், கியர் பொக்ஸ் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஒரு கிழமையில் ஒரு விஷயம் விளங்கியது. "திருத்துவதா மாற்றுவதா" என்பதை இந்த நாட்டில் கார்க்காரனோ பாஸோ தனியாக முடிவெடுத்ததே இல்லை. துறைமுகமும் டொலரும் வர்த்தமானியும் பாதி முடிவை எடுத்துவிடும். மீதிப் பாதிதான் நம்முடைய கைக்கு வருகிறது.

மூத்தாப்பாவின் மொரிஸ் மைனர்

எங்கள் மூத்தாப்பாவும் ஹயரிங் கார்தான் ஓட்டினார். புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்கும் தலவிலைக்கும் சிலாபத்துக்கும். மொரிஸ் மைனர். அந்தக் காரில் நாலு கியர். முதல் கியருக்கு சிங்ரோமெஷ் கிடையாது. ஓடும்போது முதல் கியருக்கு இறங்க வேண்டுமென்றால் கிளச்சை இரண்டு தரம் மிதித்து, இடையில் எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கி, காதால் கேட்டுத்தான் போட வேண்டும். பிழைத்தால் பல்லோடு பல் கடிக்கும். வாப்பா சொல்வார், மூத்தாப்பா கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே அவர் என்ன மனநிலையில் வருகிறார் என்று உம்மம்மாவுக்குத் தெரியுமாம்.

1948இல் பிரிட்டனில் வந்த கார் அது. இலங்கையில் 1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, கார் இறக்குமதி இறுகத் தொடங்கிவிட்டது. தேயிலை, றப்பர், தேங்காய் விற்ற காசில்தான் அரிசியும் மாவும் மருந்தும் எண்ணெயும் வாங்க வேண்டும். அதில் காருக்கு எங்கே இடம்? 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் இறக்குமதியை இன்னும் இறுக்கியது. 1973இல் உலக எண்ணெய் விலை ஏறியது. பாணுக்கு வரிசையில் நின்ற காலம் என்று வயதானவர்கள் இன்றும் சொல்வது அந்த வருடங்களைத்தான்.

அப்போது "மாற்றுவதா" என்ற கேள்வியே கிடையாது. கார் இருந்தால் அது சாகும் வரைக்கும், செத்தாலும், ஓட வேண்டும். புஷ் தேய்ந்தால் லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து போட்டார்கள். பல் உடைந்தால் வெல்டிங் வைத்து அரத்தால் அராவி எடுத்தார்கள். ஒயில் சீல் இல்லையென்றால் தோலை வெட்டிப் போட்டார்கள். எங்கள் கரையில் இன்னொரு எதிரியும் உண்டு. கடற்காற்றும் உப்பளமும் இருக்கிற ஊரில் இரும்பு சும்மா இருந்தாலே தின்னப்பட்டுவிடும். மூத்தாப்பாவின் காரின் அடித்தகட்டில் பழைய தகரம் எது, புதுத் தகரம் எது என்று யாருக்கும் தெரியாதாம்.

இதையெல்லாம் கேட்கும்போது அந்தக் காலத்து ஆட்களின் கெட்டித்தனம் என்று பெருமையாகச் சொல்லத்தான் வரும். நானும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். வாப்பா ஒரு வரியில் நிறுத்திவிட்டார். "மூத்தாப்பாக்கு அது விருப்பம் இல்ல, வழி இல்ல."

விட்டு வந்த பட்டறை

பாலாவி பாஸின் சொந்த ஊர் யாழ்ப்பாணம். சின்ன வயதிலேயே அங்கே ஒரு கராஜில் வேலை பழகியவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கிடைத்தது இரண்டு மணி நேர அவகாசம். வடக்கு முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர். மன்னார்க்காரர் பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். பெரும் பங்கினர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கிவிட்டார்கள். எங்கள் ஊரின் கடைகள், பள்ளிக்கூடங்கள், கராஜுகள் இன்று இருக்கிற மாதிரி இருப்பதற்கு அந்த வருகையும் ஒரு காரணம்.

பாஸிடம் நான் கேட்டேன், "என்ன மாமா கொண்டு வந்தீங்க?" அவர் கையை விரித்துக் காட்டினார். ஸ்பெனர் செட் ஒன்றுகூட வரவில்லை.

அவர் விட்டுவந்த யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிறகு நடந்ததை, பின்னாளில் சந்தித்த கூட்டாளிகள் சொல்லித்தான் அறிந்துகொண்டார். 1990இல் போர் மறுபடி தொடங்கியதும் வடக்குக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல் இல்லை. உதிரிப்பாகம் இல்லை. பட்டரிகூட இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, கேம்பிரிட்ஜ். கொஞ்சம் பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். குளிரில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூட்டில் ஆவியாகும். அந்தப் பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு, அதனால் தரம் குறைந்த எரிபொருளையும் ஓரளவுக்குச் சகித்துக்கொண்டன. புகை வரும், எஞ்சின் ஒயில் கெடும், ஆனால் வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

"நான் பழகின வேலை, நான் இல்லாம நடந்திருக்கு" என்றார் பாஸ். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த வரி போகவில்லை. யாழ்ப்பாணத்தின் மண்ணெண்ணெய்க் கார்களைப் பற்றி எத்தனையோ நினைவுக் குறிப்புகளில் வாசிக்கலாம். தமிழரின் தாக்குப்பிடிக்கும் திறனுக்கு அது ஒரு அடையாளமாகவே ஆகிவிட்டது. அந்தத் திறனின் ஒரு பகுதியைக் கையில் வைத்திருந்தவர்கள் கையை மட்டும் கொண்டு புத்தளத்துக்கு வந்து, அகதி முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்தார்கள் என்பதும் அதே கதையின் பக்கம்தான்.

அதே காலத்தில் தெரிவாக இருந்த ஒன்று

இதைத் தேடும்போது எனக்கு ஆச்சரியமாக இருந்த ஒரு விஷயம். பிரிட்டனில் பாத் நகரத்தில் சார்ள்ஸ் வெயர் என்பவர் 1970களிலிருந்து மொரிஸ் மைனர் கார்களைத் திருத்தி விற்றுக்கொண்டிருந்தார். புதுக் கார் வாங்கி அதன் பெறுமதி ஒவ்வொரு வருடமும் கரைவதைப் பார்ப்பதைவிட, ஒரு எளிய காரைத் தொடர்ந்து திருத்தி வைத்திருப்பது மலிவு என்பது அவருடைய வாதம். 1980களில் அதை ஒரு புத்தகமாகவும் எழுதினார். பிறகு 1990களில் அவர் இலங்கைக்கு வந்து, இங்குள்ள பங்காளி ஒருவருடன் சேர்ந்து மொரிஸ் மைனருக்கான பாகங்களைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றை உருவாக்கினார். இங்கே தகரம் தட்டுகிற கைகள் அவ்வளவு பழகியிருந்தன. அந்தப் பாகங்கள் பிரிட்டனுக்கு ஏற்றுமதியாகின.

அதாவது, ஒரே தீவு, ஒரே கார், ஏறக்குறைய ஒரே வருடங்கள். வடக்கில் அந்தக் காரைத் திருத்தினார்கள், வேறு வழியில்லாமல். தெற்கில் அந்தக் காருக்குப் பாகம் செய்தார்கள், பிரிட்டனில் ஒருவர் அதை ஆசையாக வைத்திருப்பதற்கு. 1960இல் தொடங்கிய அமெரிக்கத் தடைக்குப் பிறகு கியூபாவில் ஓடுகிற பழைய அமெரிக்கக் கார்களையும் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். படம் எடுப்பவருக்கு அது அழகு. ஓட்டுபவருக்கு அது நாளாந்தம் தீராத தலையிடி.

திருத்துவது நல்லது, மாற்றுவது வீண்செலவு என்று எங்கள் தலைமுறையில் பலர் சூழலியல் பேசும்போது சொல்கிறோம். நானும் சொல்வேன். ஆனால் தெரிவாகத் திருத்துவதும் தண்டனையாகத் திருத்துவதும் ஒன்றல்ல.

திறக்க முடியாத பெட்டி

1977இல் ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு ஜப்பான் வாகனங்கள் வரத் தொடங்கின. அங்கும் இங்கும் வீதியின் இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறோம், ஸ்டியரிங் வலப்பக்கம். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்று வருடத்தில் கட்டாயப் பரிசோதனை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. அந்தச் செலவை நினைத்தே பலர் நல்ல நிலையில் இருக்கிற காரைக் கைமாற்றிவிடுவார்கள். அவைதான் இங்கே 'ரீகண்டிஷன்' என்ற பெயரில் வந்தன. பெயர்தான் அப்படி. யாரும் எதையும் புதுப்பிப்பதில்லை, கழுவித் துடைத்துக் கப்பலேற்றுகிறார்கள்.

எந்தக் கார் வரும் என்பதைத் தீர்மானித்தது வரி. ஒரு காலத்தில் ஹைபிரிட்டுக்குச் சலுகை, ஊர் முழுக்க ஹைபிரிட். 2015 ஜனவரி இடைக்கால வரவு செலவுத் திட்டம் 1000 சிசிக்குக் குறைந்த கார்களின் வரியைக் குறைத்தது, ஊர் முழுக்கச் சின்னக் கார். அந்த அலையில்தான் எங்கள் வீட்டுக்கும் கார் வந்தது, லீசிங்கில்.

அதற்குள் இருந்த கியர் பொக்ஸ் மூத்தாப்பாவுடைய மாதிரி இல்லை. சிவிடி. அதில் பல்சக்கரத்தால் ஆன முதல் கியர், இரண்டாம் கியர் என்று ஒன்றும் கிடையாது. அகலம் கூடிக் குறையும் இரண்டு கப்பிகள். நடுவில் நூற்றுக்கணக்கான மெல்லிய உருக்குத் துண்டுகளைக் கோர்த்த ஒரு பட்டி. ஒயில் அழுத்தம்தான் கப்பியை நெருக்கியும் விரித்தும் வேகத்தை மாற்றுகிறது. நெதர்லாந்தின் ஹப் வான் டோர்ன் 1958இல் டாஃப் காரில் றப்பர்ப் பட்டியோடு இதைக் கொண்டுவந்தார். பிறகு உருக்குப் பட்டி வந்தது. 1987இல் சுபாரு ஜஸ்டியில் ஏறியது. பிறகு ஜப்பானின் சின்னக் கார்களில் இது சாதாரணமாகிவிட்டது. எரிபொருள் மிச்சம், ஓட்டமும் பட்டுப்போல.

ஆனால் கப்பிக்கும் பட்டிக்கும் இடையில் இருப்பது அந்த ஒயிலின் பிடிப்பு மட்டும்தான். அதற்கென்றே செய்த ஒயில் வேண்டும். சாதாரண ஒட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் பட்டி வழுக்கும், வழுக்கினால் தேயும், தேய்ந்த தூள் வால்வுகளை அடைக்கும். எங்கள் காருக்கு முன்பு எங்கேயோ ஒரு சேர்விஸில் அப்படி நடந்திருக்கலாம் என்று பாஸுக்குச் சந்தேகம். திறந்து திருத்துவதென்றால் பட்டியும் கப்பியும் ஜோடியாகக் கிடைக்க வேண்டும், அதற்குரிய சாமான்கள் வேண்டும், மூடிய பிறகு புதுப் பாகத்தைக் காரின் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். "திறக்கிறது பெரிய வேலையில்ல மகள். மூடினதுக்குப் பிறகு ஓடுமா எண்டதுக்கு நான் பொறுப்பு நிக்க ஏலாது."

அறுபது வருடமாக இந்த நாடு திருத்திப் பழகிய கைகள், திருத்துவதற்கென்று செய்யப்படாத ஒரு பெட்டிக்கு முன்னால் நிற்கின்றன.

கார் வாங்கிய டொலர்

2020 மார்ச்சில் கொரோனாவோடு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சில மாதம் என்று நினைத்தது ஐந்து வருடத்துக்குக் கிட்டவாக நீண்டது. காரணம் டொலர். அந்த டொலர் எங்கிருந்து வருகிறது? பெரும் பங்கு வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்புவது. 2020இல் சுமார் 710 கோடி டொலர் வந்தது. டொலரை 200 ரூபாயில் கட்டிவைத்திருந்த காலத்தில் பலர் வங்கியை விட்டு உண்டியலில் அனுப்பினார்கள். 2022இல் வங்கிகள் வழியாக வந்தது சுமார் 380 கோடிதான். அந்த வருடம் ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. சில மாதங்களில் டொலர் 360 ரூபாய்க்குப் போனது. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை, பிறகு கியூஆர் கோட்.

வாப்பா வரிசையில் தூங்கிய இரவுகள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது யோசிக்காத ஒன்றை இப்போது யோசிக்கிறேன். அவர் இத்தனை வருடமாக விமான நிலையத்துக்கு ஏற்றிப்போன பெண்கள்தான் அந்த டொலரை அனுப்பினவர்கள். அவர்கள் அனுப்பியதில்தான் இந்தக் காரும் வந்தது, பெற்றோலும் வந்தது. இந்த நாட்டின் கார் வரலாறு என்று யாராவது எழுதினால் இறக்குமதிக்காரர், அமைச்சர், பாஸ் எல்லாரும் இருப்பார்கள். பின் சீட்டில் பாஸ்போட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அழாமல் இருக்கப் பார்க்கிற பெண்ணும் அதில் இருக்க வேண்டும்.

எங்கள் கார் நின்ற மாதம்தான், 2025 பெப்ரவரி 1ஆம் திகதி, தனியார் கார் இறக்குமதி மறுபடி திறந்தது. "கொஞ்சம் பொறுங்க, விலை விழும்" என்று சந்தியில் எல்லாரும் சொன்னார்கள். சுங்கவரி, எஞ்சின் அளவுக்கேற்ற உற்பத்தி வரி, அதன்மேல் 18 வீத வற் என்று கூட்டிப் பார்த்தபோது, விழுகிற விலையும் எங்கள் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு விழாது என்று விளங்கியது. பழுதான காரை விற்றால் வருகிற காசில் அதைவிடப் பழைய கார்தான் வரும். அதன் கியர் பொக்ஸும் இதே சாதியாகத்தான் இருக்கும். மூன்றாவது வழி அப்படி மூடிக்கொண்டது.

முடிவு

கடைசியில் இரண்டாவது வழிக்குப் போனோம். உம்மாவின் இரண்டு காப்பு அடகுக்குப் போனது. பாஸே வாப்பாவோடு பஞ்சிகாவத்தைக்கு வந்தார். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் அவர் பார்த்தவற்றை எழுதுகிறேன். காரின் மொடல் பெயரை மட்டும் பார்க்கவில்லை. சேசிஸ் குறியீடும் கியர் பொக்ஸில் இருக்கிற இலக்கமும் பொருந்துகிறதா என்று பார்த்தார். அதற்குள் மிச்சமிருந்த ஒயிலை விரலில் தொட்டு மணந்து பார்த்தார். கருகின மணம் வந்த ஒன்றை வேண்டாம் என்றார். ஓடாவிட்டால் ஒரு கிழமைக்குள் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்கினார். பொருத்த முன் ரேடியேட்டர் பக்கம் போகிற கூலர் குழாய்களைக் கழுவினார். பழைய தூள் அதற்குள் இருந்தால் புதுசையும் அதுவே கொன்றுவிடுமாம். உரிய ஒயிலைத்தான் ஊற்றினார்.

"இதுக்குள்ள எவ்வளவு உசிர் இருக்கெண்டு எனக்கும் தெரியாது" என்று வாப்பாவிடம் வெளிப்படையாகச் சொன்னார். வாப்பா, "ஆருக்குத்தான் தெரியும் நானா" என்றார்.

நாங்கள் திருத்தவில்லை, மாற்றவுமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஜப்பானில் யாரோ கைவிட்ட காரின் துண்டு ஒன்றை எடுத்து, இங்கே கைவிட முடியாத காருக்குப் போட்டிருக்கிறோம். மூத்தாப்பாவின் காலத்தில் வழி இல்லாததால் திருத்தினார்கள். எங்களுக்குக் காசைப் பொறுத்தும் அதே நிலைதான். கையில் தொழில் இருக்கிறது, பெட்டி திறக்கமாட்டேன் என்கிறது. இது மட்டும்தான் புதுசு.

கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு பழைய கியர் பொக்ஸைத் தனக்குத் தரும்படி பாஸ் கேட்டார். பழைய இரும்புக்கு விற்கப்போகிறார் என்று நினைத்தேன். நோன்பு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது காரை எடுக்கப் போனால், அது பலகையின் மேல் முழுதாகத் திறந்து கிடந்தது. அவரிடம் வேலை பழகுகிற பையன், பட்டியிலிருந்து உருக்குத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, பழைய பத்திரிகை ஒன்றின் மேல் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். எத்தனை என்று கேட்டேன். "இன்னும் எண்ணி முடியல்ல" என்றான்.

வாப்பா அன்றிரவே ஹயர் போனார். கார் இப்போதைக்கு ஓடுகிறது.